இசிஜி தாள் முன்னால் போகட்டும்

ஐயா,

மாரடைப்பு நோயாளியின் இசிஜியில் எஸ்டி எனப்படும் கோட்டுப் பகுதி எத்தனை இடங்களில், எவ்வளவு உயர்ந்திருக்கிறது என்பதை வைத்து ரத்தக்கட்டியின் தீவிரத்தைக் கணிப்பது பற்றிய உங்கள் செய்தியைப் படித்தேன். ஆஞ்சியோகிராம் வசதி இல்லாத எங்கள் கேரள எல்லையோர ஊர்களுக்குத்தான் இது அதிகம் உதவும்.

2023இல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தால் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் மாத்திரைகள் கிடைக்கின்றன. சரி, அப்புறம்? என் அண்ணனுக்கு நெஞ்சுவலி வந்த இரவில், இசிஜி தாளை மடித்து என் கையில் கொடுத்துத் தேனிக்கு அனுப்பினார்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் பயணம். அங்கே நான் நீட்டிய பிறகுதான் மருத்துவர் அதைப் பார்த்தார். 108 கிளம்பும்போதே இசிஜியைப் படம்பிடித்து, போய்ச் சேரும் மருத்துவமனையின் இதயப் பிரிவுக்கு அனுப்புவதைச் சுகாதாரத் துறை கட்டாயமாக்க வேண்டும்.

வாசகர், லோயர்கேம்ப், தேனி மாவட்டம்