மக்களே

மக்களே,

பெயர் எழுதாமல் தொடங்குகிறேன், கோபிக்காதே. பிறந்த நாள் முதல் அப்படித்தானே கூப்பிட்டேன்.

அம்மாவுக்கு சுகர் பரவாயில்லை. சவேரியார் திருவிழாவுக்குக் கோட்டாறு போனோம். நல்ல கூட்டம், தேரைக் கிட்டப் போய்ப் பார்க்க முடியவில்லை. மிச்சிகனில் பனி தொடங்கியிருக்கும், கோட்டு இல்லாமல் வெளியே இறங்காதே.

நீ அனுப்பிய அமெரிக்கத் திருநங்கை ஏமி ஸ்டீபன்ஸ் வழக்கை வாசித்தேன். இனிமேல் பெண்ணாகவே வேலைக்கு வருவேன் என்று 2013-இல் கடிதம் கொடுத்து, இரண்டு வாரத்தில் வேலை போயிருக்கிறது. அப்படி வேலையை விட்டு நிறுத்தியது சட்டவிரோதம் என்று 2020 ஜூன் 15-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தபோது அவள் இல்லை. மே 12-லேயே போய்விட்டாள். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

ஆனால் தீர்ப்பை அநீதி என்று சொன்ன, அன்று அமெரிக்க ஆயர் பேரவைத் தலைவராக இருந்த பேராயர் கோமஸை நீ கல்நெஞ்சக்காரர் மாதிரி எழுதியிருந்தாய். அது சரியில்லை. வேலையில் பாகுபாடு கூடாது என்கிற 1964 சட்டத்தில் ‘பால்’ (ஆண், பெண்) என்ற சொல்லுக்குக் கோர்ட்டு கொடுத்த பொருள், நாளைக்கு நம் ஆஸ்பத்திரியையும் பள்ளிக்கூடத்தையும் விசுவாசத்துக்கு மாறாக நடக்கச் சொல்லுமோ என்பது ஆயர்களுடைய பயம். தீர்ப்பெழுதிய நீதிபதி கோர்சச்சே அந்தக் கேள்வியைப் பின்னால் வரும் வழக்குகளுக்கு விட்டுவைத்தார். சிறுபான்மையாக வாழ்கிற நமக்கு இந்தப் பயம் புரிய வேண்டும். சிறுபான்மையினர் பள்ளிக்கூடம் நடத்த உரிமை தருகிற அரசியல் சாசனத்தின் 30-வது பிரிவு இல்லாமல் நீ படித்த பள்ளிக்கூடம் ஏது? யாரையும் மனச்சான்றுக்கு விரோதமாக நடக்கக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று 1965-இல் வத்திக்கான் சங்கம் சொன்னதை வைத்துத்தான் நானும் பள்ளிக்கூடக் கமிட்டியில் அத்தனை வருஷம் பேசினேன்.

பேசிய அதே கையால் ஒரு காரியம் செய்தேன். நீ எட்டாவது படிக்கும்போது பள்ளிக்கூடம் பெருக்க வந்த அந்தப் பிள்ளை. இப்போது திருநங்கை என்று மரியாதையாகச் சொல்கிறோம், அன்று நாங்கள் சொன்னது வேறு. கம்மல் போட்டு வந்த வாரமே நிறுத்தினோம். செயலாளர் என்று கையெழுத்துப் போட்டவன் நான். திருநங்கைகளைப் பாதுகாக்கிற 2019 சட்டம் எல்லாம் அப்போது இல்லை. என் மனச்சான்றுக்கு யாரும் நெருக்கடி தரவில்லை மக்களே. பெற்றோர் முணுமுணுத்தார்கள், பயந்தேன். அந்தப் பயத்துக்கு விசுவாசம் என்று பெயர் வைத்தேன். கணக்குத் தீர்த்த ரூபாயை எண்ணாமல் மடித்துக்கொண்டு, துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டுப் போனாள். நீ வகுப்பு ஜன்னலில் நின்றுகொண்டிருந்தாய். அன்று ராத்திரி நீ சாப்பிடவில்லை. காய்ச்சல் என்று நினைத்து அம்மா சுக்குக் கஷாயம் வைத்தாள்.

ஈஸ்டருக்கு நீ பேசினபோது லைன் சரியில்லை என்று வைத்தேனே, லைன் நன்றாகத்தான் இருந்தது.

அப்படிப்பட்டவர்களும் ஞானஸ்நானம் பெறலாம் என்று 2023-இல் ரோமிலிருந்து வந்த விளக்கத்தை வாசித்தேன். ஆயர்கள் கேட்கிற சுதந்திரம் வேண்டும் என்றுதான் இன்னும் நினைக்கிறேன். அந்தப் பிள்ளையை அனுப்ப நான் அதை எடுத்திருக்கக் கூடாது.

ஞாயிறு பூசை முடிந்து நானே கூப்பிடுகிறேன். புதுப் பெயரை அம்மாவிடம் கேட்க மனம் வரவில்லை, நீயே சொல்லு. உடனே வாயில் வருமா தெரியாது. கோட்டை மறக்காதே.

அப்பா