எதிர் வீட்டு மதாமும் பிரெஞ்சுப் பெட்டியும்

முத்தியால்பேட்டை
புதுச்சேரி

அன்புள்ள மல்லி,

தீபாவளிக்கு நீ போட்ட கடிதத்துக்கு இப்போதுதான் பதில். திட்டிக்கொள். இவருக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. பெங்களூரில் சின்னவளும் மாப்பிள்ளையும் சௌக்கியம். உன் முட்டிவலி தேவலையா? புவனா இன்னும் பேசுவதில்லையா? விடு, அவள் புவனா.

விஷயத்துக்கு வருகிறேன். எதிர் வீட்டு மதாமை ஞாபகம் இருக்கிறதா? சொல்தா வீட்டம்மா, அதுதான் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர் வீட்டம்மா. "இந்தப் பொண்ணு ஏன் இவ்வளவு சத்தமா சிரிக்குது" என்று உன்னைக் கேட்டார்களே, அவர்களேதான். தினமும் சாயங்காலம் அவர்களோடு நான் ஸ்கிராபிள் ஆடுகிறேன், எழுத்துக் காய்களைப் பலகையில் கோத்து வார்த்தை அமைக்கும் ஆட்டம். இப்போதும் சத்தமாகத்தான் சிரிப்பாய், தெரியும்.

வம்பு என்னவென்றால், ஆடுவது இங்கிலீஷ், பெட்டி பிரெஞ்சு. மகன் பாரிஸிலிருந்து கொண்டுவந்தது. என் பிரெஞ்சு 'போன்ழூர்' தாண்டாது என்பதால் மதாம்தான் இறங்கி வந்தார்கள். இங்கிலீஷ் பெட்டியில் 100 காய், இதில் 102. அங்கே 'இ' 12, இங்கே 15. அதெல்லாம் சமாளிக்கலாம். 'கே'யும் 'டபிள்யூ'வும்தான் பாடாய்ப் படுத்துகின்றன. பிரெஞ்சில் அவை அபூர்வம், அதனால் ஒவ்வொன்றுக்கும் ஒரே காய், 10 புள்ளி. இங்கிலீஷ் பெட்டியில் 'கே'க்கு 5, 'டபிள்யூ'வுக்கு 4 தான். 'வீக்' என்று ஒரு வாரத்தைப் பரப்பிவிட்டு 22 புள்ளி எழுதிக்கொள்கிறார்கள் மதாம்! நியாயமாக வர வேண்டியது 11. இந்த ஆட்டத்தைக் கண்டுபிடித்த ஆல்ஃபிரட் பட்ஸ் ஒரு கட்டடக் கலைஞர். அமெரிக்காவில் வேலை கிடைக்காத 1930-களில், நியூயார்க் டைம்ஸ் முதல் பக்கத்தில் எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று உட்கார்ந்து எண்ணியிருக்கிறார். அடிக்கடி வருவதற்குக் குறைந்த புள்ளி, வராததற்கு அதிகம். இதைச் சொல்லி, புள்ளியையாவது இங்கிலீஷுக்கு மாற்றிக்கொள்வோம் என்றேன். "காயில போட்டிருக்கிறது போட்டிருக்கிறதுதான்" என்று முடித்துவிட்டார்கள்.

ஆனால் வார்த்தை தேடுவதை எனக்குக் கற்றுக்கொடுத்ததும் அவர்கள்தான். ஏழு எழுத்தையும் பார்த்து முழிக்காதே, கலைத்துக் கலைத்து வை என்பார்கள். 'ஐ-என்-ஜி' வந்தால் வலது ஓரம் தள்ளிவிட்டு மிச்ச நாலை மட்டும் பார்க்க வேண்டும். 'எஸ்'ஸை அவசரப்பட்டு இறக்கக் கூடாது. 'யூ' வராமல் 'க்யூ' மட்டும் வந்தால் அழ வேண்டாம், 'க்யூ-ஐ' இரண்டே எழுத்தில் ஒரு வார்த்தை. 'ஃபகீர்' என்பதைக்கூட 'க்யூ' போட்டு எழுதினால் செல்லும். உயிரெழுத்தே வராத கையில் 'ஒய்' ஒன்று இருந்தால் 'ரிதம்' வருமா, 'நிம்ஃப்' வருமா என்று பார்க்கலாம். அன்றைக்கு 'நாஸ்டியர்' கையில் வந்தது, பலகையில் கோக்க இடமில்லை. அதே ஏழு எழுத்தைக் கலைத்தேன். 'ரிட்டெயின்ஸ்' வந்தது, அதுவும் உட்காரவில்லை. இன்னொரு தரம் கலைத்தால் 'ரெட்டினாஸ்', கச்சிதமாகப் பொருந்தியது. ஏழும் ஒரே வீச்சில் இறங்கினால் உபரி 50. பரீட்சையில் பாஸானபோதுகூட எனக்கு அப்படிக் கை நடுங்கவில்லை. 'இட்லி' வைத்த நாளில்தான் சண்டை. அது டிபன், வார்த்தை இல்லையாம். அகராதியை எடுத்துக் காட்டி வாங்கினேன், வெறும் 5 புள்ளியை.

இதற்கு நடுவே நம் மாப்பிள்ளை லீவில் வந்தார். எனக்கு உதவுகிறாராம்! ஏழு எழுத்தைப் போனில் தட்டினார், மளிகை லிஸ்ட் போல நீளமாக வந்து விழுந்தது. "அத்தை, இதை வைங்க, 70 வரும்." மதாம் ஒன்றும் பேசாமல் காய்களைப் பையில் போட்டுவிட்டு காபி கலக்கப் போய்விட்டார்கள். எனக்கு மானமே போயிற்று. மாப்பிள்ளை விடவில்லை. நியூசிலாந்தின் நைஜல் ரிச்சர்ட்ஸ் பிரெஞ்சு பேசத் தெரியாமலே அகராதியை 9 வாரத்தில் மனப்பாடம் செய்து 2015-ல் பிரெஞ்சு உலகப் பட்டத்தை ஜெயித்தாரே, 2024-ல் ஸ்பானிஷிலும் ஜெயித்தாரே, அவர் மட்டும் என்ன ஒழுங்கு என்றார். எனக்கு அது வேறு, இது வேறு என்றே படுகிறது. அந்த மனுஷன் ஒவ்வொரு வார்த்தையையும் தன் மண்டையில் சுமந்துகொண்டு போய் உட்கார்ந்தார். போன் யாருக்காக எதைச் சுமந்தது? மதாமுக்கு ரிச்சர்ட்ஸ் மேலும் கோபம்தான். "அத்தனை வார்த்தை வச்சிருந்து யார்கிட்டயும் பேசலியே" என்றார்கள்.

மல்லி, உனக்கு மட்டும் சொல்கிறேன். போன மாதம் மதாம் குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டார்கள். எலும்புக்கு ஒன்றும் இல்லை. ஆனால் மகன் தினம் போன் செய்து, வீட்டை விற்றுவிட்டுப் பாரிஸுக்கு வந்துவிடு என்கிறான். அவன் சொல்வதும் நியாயம்தான், மாடி வீட்டில் தனியாக எத்தனை நாள்? பேசி முடித்துவிட்டு வந்து காய்ப் பையைக் குலுக்குவார்கள். நானும் கேட்பதில்லை. போகாதீர்கள் என்று சொல்ல நான் யார்? ஆட்டத்துக்கு ஆள் வேண்டும் என்பதற்காகச் சொல்வதா? ராத்திரியெல்லாம் இதே யோசனை.

போவதற்குள் சரியான புள்ளியோடு அவர்களை ஒரு தரமாவது தோற்கடிக்க வேண்டும். உன் மகள் விட்டுவிட்டுப் போன இங்கிலீஷ் பெட்டி பரண்மேல்தானே இருக்கிறது? அடுத்த ஞாயிறு கடலூர் பஸ்ஸில் அதோடு வந்து சேர். அஜந்தா சிக்னலில் நிற்கிறேன். கிளம்புமுன் கொட்டி எண்ணு, எழுத்தில்லாத வெற்றுக்காய் 2-ம் சேர்த்து 100 இருக்க வேண்டும். உன் பேரன் ஒன்றைச் சன்னல் வழியே வீசினானே, அது எந்த எழுத்து என்று பார்த்து வை. 'எஸ்' என்றால் அவனையும் கூட்டிக்கொண்டு வா, நேரில் பேசிக்கொள்கிறேன்.

அன்புடன்,
கமலா