தேய்ந்த காசுகளை வாசிக்க உதவியவர்களுக்கு நன்றி

எல்லாருக்கும் வணக்கம். தென்னிலங்கைக் கரையோர அகழ்வில் வந்த பிற்கால உரோம வெண்கலக் காசுகளின் பட்டியல் ஒருவழியாக முடிந்துவிட்டது. மேலே என் பெயரைப் போட்டிருக்கிறார்கள், ஆனால் உழைப்பு பலருடையது.

முதலில் ஆய்வுகூட அக்காவுக்கு. பச்சைத் தூள் பூத்து மண்கட்டியாக வந்த காசுகளை நுண்ணோக்கியின் கீழ் வைத்து, மூங்கில் குச்சியால் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டி, ஈரம் ஏறாமல் சிலிக்கா ஜெல்லோடு பெட்டியில் போட்டுத் தந்தவர் அவர்தான். புளி போட்டுத் தேய்த்தால் பளபளக்குமே என்று யோசனை சொன்ன சொந்தக்காரர்களுக்கும் நன்றி, நல்லகாலம் நாங்கள் கேட்கவில்லை, தேய்த்திருந்தால் மிச்சமிருந்த எழுத்தும் போயிருக்கும்.

அப்புறம் சேருக்கு. காசு ஒவ்வொன்றும் சட்டைப் பொத்தான் அளவு, 13 மி.மீ., எடை ஒரு கிராம் பக்கம். நான் முன்பக்கத்துத் தலையையே உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பேன், அவர் "திருப்பும்" என்பார். விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் சிறகு தெரியும், பிறகு அதன் பின்னால் இழுபட்டு வரும் கைதி: வெற்றித் தேவதை வகை, உரோமப் பேரரசின் கிழக்குப் பகுதியில் கி.பி. 388 முதல் அடித்தது. சரி, யாருடைய காசு? முதலாம் தியோடோசியஸ், மகன்கள் ஆர்க்காடியஸ், ஹொனோரியஸ் எல்லாரும் இதே படத்தைத்தான் போட்டார்கள், ஆகவே பெயர் தேய்ந்திருந்தால் "பேரரசர் தெரியவில்லை" என்றுதான் எழுதவேண்டும், ஊகித்து எழுதினால் சிவப்பு மை. அந்தப் பிடிவாதம் இல்லையென்றால் இந்தப் பட்டியலை யாரும் நம்பத் தேவையில்லை.

படம் எடுத்த தம்பிக்குத் தனி நன்றி. மூன்று பேரரசர்கள் நிற்கும் காசில் நடுவில் இருப்பவர் மட்டும் குள்ளமாக இருக்கிறாரே என்று கேட்டது அவன்தான். அது 401இல் பிறந்த இரண்டாம் தியோடோசியஸ், 406-408 அளவில் இந்தக் காசு வந்தபோது சின்னப் பையன்!

எழுத்துக்குப் பதில் வெறும் கோடுகள் உள்ளவற்றை இலங்கையிலேயே பார்த்து அடித்தவை என்று பிரித்துக் காட்டியவர்களுக்கும், மாத்தறைக்குக் கிட்ட நைமனையில் கிடைத்த புதையல் காசுகளின் படங்களை ஒப்பிடத் தந்தவர்களுக்கும் நன்றி.

சில காசுகளின் அடியில் நாணயசாலைக் குறி பாதிதான் தெரிகிறது, அந்தியோக்கியாவா அலெக்சாந்திரியாவா என்று எங்களுக்குள் இன்னும் இழுபறி. படங்களை உங்களுக்கே அனுப்புகிறேன், நேரம் கிடைக்கும்போது பாருங்கள்.