உன் கம்ப்யூட்டர் பிழைத்துவிட்டது

கோத்தகிரி
ஐப்பசி 20

அன்புள்ள கண்ணுக்கு,

நாங்கள் நலம். மழை இன்னும் விடவில்லை. கொழுந்து நன்றாக வருகிறது, பறிக்கத்தான் ஆள் கிடைக்கவில்லை.

கம்ப்யூட்டருக்குப் பணம் அனுப்புகிறேன் என்றாயே, வேண்டாம். ஹார்ட் டிஸ்க்கை மட்டும் மாற்றிவிட்டேன்.

புரட்டாசியிலேயே உள்ளே டக் டக் என்று சத்தம் கேட்டது. ஆன் செய்தால் டீ போட்டுக் குடித்து முடித்த பிறகுதான் திரை வரும். ஒருநாள் நீ ஒன்பதாவது படிக்கும்போது எனக்குப் போட்டுக் கொடுத்த கொழுந்துக் கணக்கு ஷீட் திறக்கவே இல்லை. அன்று உண்மையிலேயே பயந்துவிட்டேன். பேக்கப் எடுங்கப்பா என்று நீ எத்தனை முறை சொல்லியிருப்பாய்!

கடைத் தம்பி நல்ல பையன். சத்தம் வருகிற டிஸ்க்கைத் திரும்பத் திரும்ப ஆன் செய்யாதீங்க, முதலில் முக்கியமானதை மட்டும் வெளியே எடுங்க என்றார். அப்படியே கணக்கு, பட்டா ஸ்கேன், உன் பள்ளிப் படங்கள் எல்லாவற்றையும் வெளி டிஸ்க் ஒன்றில் ஏற்றிய பிறகுதான் மற்ற வேலை.

பழையது 500 ஜிபி. 480 ஜிபி எஸ்எஸ்டி (தட்டு இல்லாமல் சிப்பில் பதியும் டிஸ்க்) விலை குறைவு, ஆனால் பழையதை அப்படியே குளோன் செய்ய, அதாவது முழுதாக நகலெடுக்க, இடம் போதாது, முதலில் பார்ட்டிஷனை, அதாவது டிஸ்க்கில் பிரித்து வைத்த பகுதியை, சுருக்க வேண்டும். பழுதான டிஸ்க்கில் அந்த வேலை வேண்டாம் என்று 512 வாங்கினேன். அது உள்ளங்கை அளவுதான். சிபியுவில் பொருந்த ஒரு தகரச் சட்டம் தனியாக வாங்க வேண்டியிருந்தது.

வேகம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன். பழையது நிமிடத்துக்கு 7200 சுற்று சுற்றும் தட்டு. ஒரு சுற்றுக்கே 8 மில்லி செகண்டுக்கு மேல் ஆகிறது, அதைப் படிக்கும் முள்ளும் இடம் மாறி மாறித் தேட வேண்டும். எஸ்எஸ்டியில் சுற்றவோ நகரவோ எதுவும் இல்லை. நம் மதர்போர்டில் டிஸ்க்கைச் செருகும் இணைப்பு பழைய சாட்டா 2 வகை என்பதால் முழு வேகம் வராதாம், செகண்டுக்கு 300 எம்பிக்குள்தான். ஆனால் தேடும் நேரம் போய்விட்டதே, அதுதான் பெரிய மாற்றம்.

குளோன் ஓடும்போது எங்கோ மரம் விழுந்து கரண்ட் போனது. யுபிஎஸ் தாங்கியது. முடிந்ததும் பழைய டிஸ்க்கின் கேபிளைக் கழற்றிவிட்டுத்தான் ஆன் செய்தோம். இரண்டும் ஒரே அடையாளத்தோடு இருந்தால் விண்டோஸ் குழம்பிவிடும். இப்போது அரை நிமிடத்தில் திரை வருகிறது. உங்கம்மா கூட எழுந்து வந்து பார்த்தாள்.

ஒன்று மட்டும் பாக்கி. இதில் இருக்கும் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு, பாதுகாப்பு அப்டேட் எல்லாம் 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. இவ்வளவு பழைய ப்ராசஸரை 11 ஏற்காது. அதனால் பேங்க் வேலை எதையும் இதில் நான் தொடுவதில்லை. பொங்கலுக்கு வரும்போது ஒரு பென் டிரைவில், விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் லினக்ஸ் மின்ட் கொண்டு வா, சேர்ந்து உட்கார்ந்து போடலாம். பழைய டிஸ்க்கை அரிசி டப்பாவுக்குப் பக்கத்தில், ஈரம் படாமல் துணியில் சுற்றி வைத்திருக்கிறேன். நீ ஒருமுறை பார்த்துச் சொன்ன பிறகு அதை என்ன செய்வது என்று முடிவு செய்யலாம்.

இந்த மாத எடையை உன் ஷீட்டில்தான் ஏற்றினேன். கூட்டல் சரியாக வந்தது.

அன்புடன்,
அப்பா