விக்கிப்பீடியாவில் நம் கல்லூரிக் கட்டுரை: முன்னாள் மாணவர் கவனத்திற்கு

அனைவருக்கும் வணக்கம்.

தமிழ் விக்கிப்பீடியாவில் நம் கல்லூரியைப் பற்றிய கட்டுரையை விரிவாக்கச் சிலர் முன்வந்திருப்பது மகிழ்ச்சிக்குரியது. ஆயினும் முன்னாள் மாணவர்களாகிய நமக்கு இதில் நலமுரண் (நடுநிலையாக எழுதத் தடையாகும் சொந்தத் தொடர்பு) இருப்பதால், பின்வருவனவற்றைக் கடைப்பிடிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

1. எழுத்துப்பிழைகளைத் திருத்தலாம். பிற மாற்றங்களை, கல்லூரியுடன் உங்களுக்குள்ள தொடர்பைக் குறிப்பிட்டு, கட்டுரையின் பேச்சுப் பக்கத்தில் (கட்டுரையைப் பற்றிக் கலந்துரையாடும் பக்கம்) முன்மொழியுங்கள். தொடர்பற்ற பயனர் ஒருவர் பார்த்துச் சேர்ப்பதே முறை.

2. கல்லூரியில் ஊதியம் பெறுவோர் தம் பணியின் பகுதியாகத் திருத்தினால், அதைப் பயனர் பக்கத்திலோ பேச்சுப் பக்கத்திலோ திருத்தச் சுருக்கத்திலோ (திருத்தத்தைச் சேமிக்கும்போது எழுதும் சிறுகுறிப்பு) வெளிப்படுத்த வேண்டும் என்பது, 2014 முதல், விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளையின் பயன்பாட்டு விதிகளில் உள்ளது. இதை வெறும் மரபாகக் கருத வேண்டாம்.

3. நாளிதழ், நூல் போன்ற சார்பற்ற சான்றுகளைத் தேடுங்கள்; கல்லூரி மலர் மட்டும் போதாது. "தலைசிறந்த", "புகழ்மிக்க" போன்ற அடைமொழிகள் (ஆண்டு விழா மேடைக்கு அவை பொருந்தும்) கட்டுரையில் வேண்டாம்.

4. கல்லூரியைக் குறைகூறும் செய்தி தக்க சான்றுடன் இருந்தால், அதை நீக்காதீர்கள். ஒவ்வொரு திருத்தமும் பக்க வரலாற்றில் பதிவாகும்.

5. ஒரே கணக்கைப் பலர் பயன்படுத்தக் கூடாது.

இதுகுறித்த இணையவழிக் கூட்டம் வரும் ஞாயிற்றுக்கிழமை மாலை 6 மணிக்கு நடைபெறும். பங்கேற்போர் வெள்ளிக்கிழமைக்குள் இக்குழுவில் பதிலளிக்க வேண்டுகிறேன்.

ஒருங்கிணைப்பாளர்