பத்து கே பிரிசெட்

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுகிறேன். போன் எடுக்கவில்லை என்று குறை சொல்ல எழுதவில்லை, வேலை இருக்கும், எனக்குத் தெரியாதா. நேரத்துக்குச் சாப்பிடு. ஒரு சந்தேகம் கேட்கத்தான் இது.

எதிர்வீட்டுச் சின்னவனுக்கு உன் காளை விளையாட்டு மாதிரி ஒன்று வேண்டுமாம். டவுன் ஹால் ரோட்டில் புரோகிராம் ஏற்றுகிற ஆர்டுயினோ போர்டு ஒன்றும், வரிசைக்கு 16 எழுத்தாக இரண்டு வரிசை காட்டும் 16க்கு 2 டிஸ்ப்ளேயும் வாங்கி வந்தேன். கீழ் வரிசையில் வலது ஓரத்திலிருந்து அலங்காநல்லூர் காளை வரும், பட்டனை அமுக்கினால் ஆள் மேல் வரிசைக்குத் தாவுவான், அவ்வளவுதானே என்று உட்கார்ந்தோம். ஒரு எழுத்துக்கு ஐந்துக்கு எட்டுப் புள்ளிதான் இடம், அதில் கொம்பும் திமிலும் வைக்க நீ எத்தனை கணக்கு நோட்டைக் கறுப்படித்தாய் என்று இப்போதுதான் புரிகிறது. எங்கள் காளை ஆடு மாதிரி இருக்கிறது. சொந்த உருவம் எட்டுதான் வைக்க முடியுமாமே, ஓடுகிற ஆளுக்கே இரண்டு போய்விட்டது. அப்புறம், ஒவ்வொரு நகர்வுக்கும் திரையை முழுசாக அழித்து எழுதினோம், ஒரே மினுக்கல். காளை விட்டுப்போன கட்டத்தை மட்டும் அழித்தால் போதும் என்று பையன் கண்டுபிடித்தான். கெட்டிக்காரன், ஆனாலும் உன் அளவுக்கு இல்லை. நீ ஒரு வார்த்தை பேசியிருந்தால் முதல் நாளே முடிந்திருக்கும்.

பொங்கலுக்கு லேப்டாப் பை இல்லாமல் வந்தாய். நான் கேட்கவில்லை, இப்போதும் கேட்கவில்லை. சித்தப்பாவிடமும் நன்றாக இருக்கிறான் என்றுதான் சொன்னேன். பணம் என்றால் கூச்சப்படாதே. நேரத்துக்குச் சாப்பிடு.

புதுசு வாங்கும் முன் பரணில் இருந்த உன் போர்டைத்தான் எடுத்தோம். விளக்கு எரிந்தது, எழுத்து வரவில்லை. பையன் புரோகிராமில் தப்பு என்றான். நான் மீட்டர்கூட வைக்காமல், திரையில் எழுத்து எவ்வளவு அடர்த்தியாகத் தெரிய வேண்டும் என்று திருகி வைக்கிற பிரிசெட்டைக் கழற்றினேன். தம்பி, உன் காலேஜ் கண்காட்சிக்கு முதல் நாள் ஒரு ஆம்ப்ளிஃபயர் அவசரமாக வந்தது, கடையில் 10கே, அதாவது பத்தாயிரம் ஓம் பிரிசெட் இல்லை, உன் போர்டில் இருந்ததை எடுத்துக்கொண்டு கழிவு டப்பாவில் கிடந்த ஒன்றைச் செருகினேன், சாயங்காலம் மாற்றிவிடலாம் என்று. மறந்துவிட்டேன். அதன் நடுக்கால் உள்ளே விட்டுப்போயிருந்தது. கான்ட்ராஸ்ட் வோல்டேஜ் கிடைக்காவிட்டால் உள்ளே எல்லாம் சரியாக ஓடினாலும் திரை வெறுமையாகத்தான் நிற்கும். நீ விடியவிடிய புரோகிராமைத் திருத்தினாய், எனக்கு இதெல்லாம் வராதுப்பா என்றாய், நான் பக்கத்தில் நின்று அகலக்கால் வைக்காதே என்று புத்தி வேறு சொன்னேன். மறுநாள் போர்டைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. சொல்லவில்லை. உன் புரோகிராமில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை.

வேறு பிரிசெட் போட்டுத் திருகியதும் உன் ஆள் ஓட ஆரம்பித்துவிட்டான், கரண்ட் இல்லாமல் இத்தனை வருடம் கிடந்தும். அதை அழிக்க மனசு வராமல்தான் பையனுக்குப் புதுசு வாங்கினேன்.

சந்தேகம் இதுதான்: காளை மெதுவாக வர புரோகிராமில் டிலே போட்டுக் கொஞ்சம் நிறுத்தினால், அந்த நேரத்தில் பட்டனை அமுக்கியது அதற்குத் தெரிவதில்லை. உன்னுடையதில் அப்படி இல்லை, எப்படிச் செய்தாய்? போனில் சொன்னாலும் சரி. ஞாயிற்றுக்கிழமை வருவதாக இருந்தால் முதல் நாளே சொல், அம்மா கறி எவ்வளவு எடுக்க என்று கேட்கிறாள்.

அப்பா