ஒரு கடைவாய்ப் பல்லுக்காகப் பட்ட கடன்

அன்புடையீர்,

வெள்ளவத்தையில் எங்கள் மாடிக் குடியிருப்பில் என்னைக் ‘கல் டீச்சர்’ என்பார்கள். கணிதம் படிப்பித்து ஓய்வு பெற்றவள். கல் சேர்ப்பது பழைய பழக்கம். கடந்த ஆறு மாதமாக ஒரு கரிய கட்டியைத் தூக்கிக்கொண்டு உங்களில் பலரின் வாசலில் வந்து நின்றேன். அது என்னவென்று தெரிந்துவிட்டது. எல்லோருக்கும் சேர்த்து இந்த மடல்.

முதலில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். இரத்தினபுரி மாணிக்கக் குழியில் வேலை செய்யும் தம்பி ஒருவர் அதைப் பால்மாத் தகரத்தில் சேறோடு தந்தார். நான் தேய்த்துக் கழுவி, சேற்றைக் கறிவேப்பிலைத் தொட்டியில் ஊற்றி, பளபளக்கட்டும் என்று தேங்காய் எண்ணெயும் பூசிவிட்டேன். புவிச்சரிதவியல் விரிவுரையாளர் அதைக் கையில் வாங்கியதும் கேட்ட முதற் கேள்வி, “மண் எங்கே, டீச்சர்?” என்பதுதான். விடை சரியாக இருந்தாலும் ‘செய்கை எங்கே?’ என்று முப்பது வருடம் பிள்ளைகளை மிரட்டியவளுக்கு அது நன்றாகவே உறைத்தது.

எங்கள் பல் டொக்டருக்கு நன்றி. கதிரையில் ஒருவர் வாயைத் திறந்தபடி காத்திருக்க, என் கட்டியை எக்ஸ்ரே எடுத்தார். ஓரத்தில் ஓடிய வெள்ளைக் கோடு எனாமல், கீழே முறிந்திருப்பது வேர் என்று காட்டினார். டைனோசர் முட்டை என்ற என் ஆசை அந்த அறையிலேயே முடிந்தது. “பல்தான், ஆனால் என்னிடம் வருகிற எந்த வாய்க்கும் பொருந்தாது” என்றார். பணமும் வாங்கவில்லை.

யானையோ என்று சில நாள் அலைந்தேன். யானையின் கடைவாய்ப் பல்லில் தகடுகளை நெருக்கி அடுக்கியதுபோல் குறுக்கு வரிகள் இருக்கும், இதில் இல்லை. வழி காட்டியவர் மேல்மாடி அண்ணர். ஞாயிறு மாலை ‘304’ என்ற சீட்டாட்டம் விளையாடிக்கொண்டிருந்தவர், சீட்டைக் கீழே வைக்காமலே எட்டிப் பார்த்து, “இதில் நாலு கிளாவர் இருக்கிறதே!” என்றார். உண்மைதான். தேய்ந்த மேற்பரப்பில் மூன்று இதழாக நான்கு பூக்கள். அதை விரிவுரையாளரிடம் தொலைபேசியில் சொன்னபோது மறுமுனையில் சிரிப்புக் கேட்டது. நீர்யானையின் கடைவாய்ப் பல் மென்று தேயும்போது அதன் மேடுகள் அப்படித்தான் மூவிதழாகத் தெரியுமாம்.

தெஹிவளை மிருகக்காட்சிச்சாலைக்கு வெளியே இலங்கையில் நீர்யானையா என்று நானும் கேட்டேன். இருந்திருக்கிறது. கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தின் பணிப்பாளராக இருந்த பி. இ. பி. தெரணியகல, இரத்தினபுரிச் சரளைப் படைகளிலிருந்து நீர்யானை, காண்டாமிருகம் ஆகியவற்றின் உயிர்ச்சுவடுகளை விவரித்திருக்கிறார். குருவிட்டையில் கிடைத்த இரண்டு பற்களைக் கொண்டே 1939இல் இலங்கைச் சிங்கத்துக்குப் பெயர் வைத்தவரும் அவரே. அவர் விவரித்த நீர்யானை ‘ஹெக்ஸாபுரோட்டோடன்’ வகையைச் சேர்ந்தது. கீழ்த்தாடையின் முன்னால் ஆறு பற்கள் என்பதால் அந்தப் பெயர். என்னிடம் தாடை இல்லை, ஒரு பல்தான். ஆகவே ‘நீர்யானை’ என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்று விரிவுரையாளர் கட்டளையிட்டிருக்கிறார். வயதும் கேட்கக் கூடாது. மாணிக்கக் குழியில் ‘இல்லம்’ என்று சொல்லும் படை, ஆறு உருட்டிச் சேர்த்த சரளை. வெவ்வேறு காலத்துப் பொருட்கள் அதில் ஒன்றாகக் கிடக்கலாம்.

இனி அந்தக் குழித் தம்பிக்கு. நான் கழுவித் தொலைத்ததை நீங்கள் நினைவில் வைத்திருந்தீர்கள். மேலே செம்மண், பிறகு கறுப்புக் களி, அதன் கீழ் மணல், அப்புறம் இல்லம். இல்லத்தின் அடியில், உக்கிய பாறைக்குச் சற்று மேலே பல் என்று ஒவ்வொரு படையின் கனத்தையும் முழக்கணக்கில் சொன்னீர்கள். வேரின் பொந்தில் என் பிரஷ் எட்டாமல் தப்பியிருந்த வெள்ளைக் கற்பொடியும் நீங்கள் சொன்ன சரளையோடு ஒத்துப்போனது. பல்லோடு வைத்த சீட்டில் இப்போது இருப்பது உங்கள் கணக்குத்தான். அன்று ஒரு கல்லும் அகப்படாததால்தான் எலும்பைக் கவனித்தீர்களாம். உங்களுக்கு அது நட்டம். எனக்கு அதை வாழ்த்துவதா என்று தெரியவில்லை.

விலை கேட்டபோது, தகரத்தைத் திருப்பித் தந்தால் போதும் என்றீர்கள். தீபாவளிக்குக் கொழும்பு வரும்போது வாங்கிக்கொள்ளுங்கள். கழுவித்தான் வைத்திருக்கிறேன், உள்ளே பருத்தித்துறை வடை இருக்கிறது.

அன்புடன்,
கல் டீச்சர்
வெள்ளவத்தை